வன்குத்தும் வித்தையும்

தமிழ் கற்பிப்போர்க்குக் குத்துச்சண்டையிலே யாது தொழில் என்று இவ்விழா மலரைக் கையிலெடுப்போர் வினவக்கூடும். வினவுதல் முறையே. ஆயினும், மாணவர் எதனை வியக்கின்றனர், எதனைப் பின்பற்ற விழைகின்றனர் என்பதைக் கவனியாத ஆசிரியர் ஏட்டை மட்டும் கற்பித்தவராவரேயன்றி மாணவரைக் கற்பித்தவர் ஆகார். இந்நாளில் நம் மாணவர் பேருந்துத் தரிப்பிடத்திலே கூடி நின்று கைத்தொலைபேசித் திரையில் எதைப் பார்க்கின்றனர்? பெரும்பாலும், ஒருவன் குத்த மற்றொருவன் மரம்போற் சாயும் பத்து விநாடிக் காட்சியையே பார்க்கின்றனர். அதன் முன்னே நிகழ்ந்த பத்துச் சுற்றுகளும் அத்திரையில் இல்லை. எனவே, குத்துச்சண்டை என்றாலே வீழ்த்துதல் என்றும், வீழ்த்துதல் என்றாலே உடல்வன்மை என்றும் அவர் உளங்கொண்டு விடுகின்றனர்.

வன்மை பெரிதா, வித்தை பெரிதா என்பது பழைய வழக்கு. அவ்வழக்கை இம்மலரிலே யாம் எடுத்தமைக்குக் காரணம், அது குத்துச்சண்டை அரங்கின் நான்கு கயிறுகளுக்குள் அடங்கும் வழக்கன்று என்பதே. எம் முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம்: வீழ்த்தும் குத்து ஒரு கணத்தின் தொழில், அக்கணத்தை உண்டாக்குவது வித்தை. பாடசாலை என்பது கற்பிக்கும் இடம். கற்பிக்கத்தக்கது வித்தையே. இம்முடிபுக்கு மாறான சான்றுகளையும் மறையாது ஈண்டு எடுத்துக்காட்டுவோம்.

இவ்வழக்கு மிகக் கூர்மையாக எழும் இடம் ஹெவிவெயிட் எனப்படும் அதிநிறைப் பிரிவேயாம். ஏனைய பிரிவுகளிலே இருவரும் ஏறக்குறைய ஒரே நிறையினர். ஆதலின் வன்மையில் பெரு வேற்றுமை இராது. தொழில்முறை அதிநிறைப் பிரிவிலோ 200 இறாத்தலுக்கு மேல் எல்லையே இல்லை. 220 இறாத்தல் நிறையுடையவர் 270 இறாத்தல் நிறையுடையவரை எதிர்கொள்ளலாம். அங்கு ஒரு குத்தே போரை முடிக்கவல்லது. பதினொரு சுற்றில் ஈட்டிய புள்ளிகளெல்லாம் பன்னிரண்டாம் சுற்றின் ஒரு விநாடியிலே பயனற்றுப் போகலாம். ஆதலால், வன்மையின் பக்கம் பேசுவோர்க்கு இப்பிரிவே பெருங்கோட்டை.

முதலில் வித்தையின் பக்கத்துச் சான்றுகளைக் காண்போம். 1892ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, வன்மைக்குப் பெயர்போன ஜோன் சலிவனை ஜேம்ஸ் கோர்பெட் என்பார் எதிர்த்தார். கோர்பெட் முன்னர் வங்கியொன்றிலே எழுதுவினைஞராக இருந்தவர். சலிவனிலும் நிறை குறைந்தவர். இருபது சுற்றுகள்வரை சலிவனின் குத்துகளுக்கு எட்டாது விலகியும், இடையிடையே முன்குத்தால் தாக்கியும் அவரைக் களைப்புறச் செய்து, 21ஆம் சுற்றிலே வீழ்த்தினார். கையுறையணிந்து குயின்ஸ்பெரி விதிகளின்படி நிகழ்ந்த அதிநிறை வீரப்பட்டப் போர்களுள் இதனையே தொடக்கமாகக் கொள்வர். எனவே, இன்றைய அதிநிறைக் குத்துச்சண்டையின் வரலாறே வித்தையின் வெற்றியோடு தொடங்குகின்றது எனலாம்.

அடுத்து, 1926ஆம் ஆண்டு பிலடெல்பியாவிலே ஜீன் டன்னி என்பார் ஜாக் டெம்சியை வென்றார். டெம்சி புயல்போற் பாய்ந்து தாக்குபவர். டன்னியோ நூல் பல கற்றவர். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்திலே ஷேக்ஸ்பியரைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியவர். டெம்சியின் சண்டைகளை ஒரு மாணவன் பாடநூலை ஆராய்வதுபோல் அவர் ஆராய்ந்திருந்தார். பத்துச் சுற்றுகளின் முடிவிலே புள்ளிகளால் வெற்றி அவருக்காயிற்று. மறு ஆண்டு சிக்காகோவிலே, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காண, இருவரும் மீண்டும் பொருதனர். ஏழாம் சுற்றிலே டெம்சி டன்னியை நிலத்திலே வீழ்த்திவிட்டார். ஆனால், எதிரி விழுந்தால் ஒதுக்கமான மூலைக்குச் சென்று நிற்கவேண்டும் என்ற விதியை மறந்து, விழுந்தவர் அருகே நின்றுவிட்டார். நடுவர் அவரை மூலைக்கு அனுப்பிய பின்னரே எண்ணத் தொடங்கினார். ஒன்பது எண்ணும்போது டன்னி எழுந்தார். எழுந்தவர் பின்வாங்கிச் சுழன்று தம் நிலையை மீட்டுக்கொண்டார். போரின் முடிவில் மீண்டும் அவரே வென்றார். அந்நடுவரின் எண்ணிக்கைபற்றி உலகம் இன்றும் வாதாடுகின்றது. யாம் காண்பது வேறொன்று. வீழ்த்தும் வன்மை டெம்சியிடம் இருந்தது. வீழ்த்திய பின் செய்யவேண்டுவதை அந்நேரத்திலே நினைவுகூரும் அடக்கம் அவரிடம் இருந்திலது. அதுவும் வித்தையின் ஒரு கூறன்றோ?

இனி, வன்மையின் பக்கத்தையும் நேர்மையோடு கேட்போம். 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூ யோர்க்கிலே பில்லி கொன் என்பார் ஜோ லூயியை எதிர்த்தார். கொன், லூயியிலும் சுமார் 25 இறாத்தல் நிறை குறைந்தவர். கால் விரைவிலும் கை விரைவிலும் மிக்கவர். பன்னிரண்டு சுற்றுகளின் முடிவில் அவரே முன்னின்றார். எஞ்சியவை மூன்று சுற்றுகளே. விலகி நின்றிருப்பின் உலக வீரப்பட்டம் அவரதாகும். அவரோ லூயியை வீழ்த்தியே தீர்வது என்று துணிந்து நெருங்கினார். பதின்மூன்றாம் சுற்றின் முடிவுக்கு இரண்டு விநாடிகள் இருக்கையில் அவரே வீழ்த்தப்பட்டார். 1952ஆம் ஆண்டு ஜேர்சி ஜோ வோல்கொட், ரொக்கி மார்சியானோவை முதற் சுற்றிலேயே வீழ்த்தி, பன்னிரண்டு சுற்றுகள்வரை புள்ளிகளிலும் முந்தி நின்று, பதின்மூன்றாஞ் சுற்றிலே ஒரு குறுகிய வலக்கைக் குத்தினாற் சாய்ந்தார். 1994ஆம் ஆண்டு, 45 வயதினராகிய ஜோர்ஜ் ஃபோர்மன், ஒன்பது சுற்றுகள் தோல்வி முகத்தோடு நின்றுவிட்டு, பத்தாஞ் சுற்றிலே மைக்கல் மூரரை வீழ்த்தி உலக வீரரானார். முதுமையிலே கால் விரைவு குன்றும். கண் கூர்மை குன்றும். குத்தின் வன்மை இறுதிவரை நிற்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவற்றைக் கொண்டு, "பார்த்தீர்களா, வன்மையே வெல்லும்" என்பாரை யாம் ஒன்று கேட்போம். லூயிக்கும் மார்சியானோவுக்கும் அக்குத்தைக் கற்பித்தோர் யாவர்? லூயியின் ஆசான் ஜாக் பிளாக்பேர்ன் என்பார். தம் காலத்திலே மென்னிறைப் பிரிவிலே நுட்பத்தாற் பெயர் பெற்றவர். மார்சியானோவின் ஆசான் சார்லி கோல்ட்மன் என்பார். அவர் மிகச் சிறிய உடலினர். பாந்தம் பிரிவிலே சண்டையிட்டவர். உலகம் கண்ட இரு பெரும் வன்குத்தாளரையும் ஆக்கியவர் இரு சிற்றுடல் ஆசிரியரே. கொன்னை வீழ்த்திய லூயி வீணே கைவீசியவர் அல்லர். குறுகிய அடிவைத்து நெருங்கி, எதிரி தவறிழைக்கும்வரை பொறுத்திருந்தவர். மார்சியானோ, வோல்கொட்டிலும் நிறை குறைந்தவர். ஆதலின் அவர் குத்தின் வன்மையை உடற்பாரத்தின் மேல் ஏற்றிச் சொல்லவும் இயலாது. 49 போரில் ஒன்றிலும் தோலாத அவ்வீரரின் உரம் ஓயாத பயிற்சியாற் பெற்றது. கோல்ட்மன் அவரைக் குனிந்து நின்று பொருதுமாறு பழக்கி, கை நீளத்திற் குறைந்த அவர் குறையையே அவருக்குக் கவசமாக்கினார்.

குத்து எங்கிருந்து பிறக்கின்றது என்பதை அறிந்தாலும் இவ்வுண்மை விளங்கும். அது தோளிலே பிறப்பதன்று. நிலத்தை உந்தும் பாதத்திலே தோன்றி, இடுப்பின் திருப்பத்தால் வளர்ந்து, தோள்வழி ஓடி, முட்டியிலே வெளிப்படுகின்றது. கால் நிலைபெறாதவன் எத்துணை வலியனாயினும் அவன் குத்து வெறுங்கைவீச்சே. மேலும், தாடையின் ஓரத்திற் படும் குத்து தலையைச் சடுதியாகத் திருப்புதலாலேயே ஒருவன் நினைவிழக்கின்றான். வருங்குத்தைக் கண்டவன் கழுத்தை இறுக்கித் தன்னைக் காத்துக்கொள்வான், காணாதவனே வீழ்வான். காணாவண்ணம் குத்துதல் வன்மையின் பாற்பட்டதா, வித்தையின் பாற்பட்டதா என்பதை வாசகரே தீர்ப்பாராக.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். போரவைக்கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றின் 80ஆம் பாட்டு. அதிலே புலவர் வலியை எவர்க்கு உரைத்தார்? தோற்ற மல்லனுக்கே உரைத்தார். வென்ற நற்கிள்ளிக்கு அவர் உரைத்தது கால்களின் தொழில். ஒரு கால் மல்லனின் மார்பை மடக்கி நிற்க, மற்றொரு கால் அவன் செய்ய முயன்ற உபாயத்தைத் தடுத்துப் பின்சென்றமையை அவர் நுணுகி நோக்கிப் பாடினார்.

வள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். 48, 49, 50 ஆகிய இம்மூன்று அதிகாரங்களும் அரசர்க்குக் கூறப்பட்டவையாயினும், குத்துச்சண்டை ஆசான் ஒருவர் தம் மாணவர்க்கு இவற்றையே பாடமாக வைக்கலாம். வலி முதலில் நிற்கின்றது. அதனை அவர் இகழ்ந்திலர். ஆனால் அதனைத் தொடர்ந்து காலமும் இடமும் வந்து அவ்வலிக்குக் கடிவாளம் இடுகின்றன. போர்க்கடா பின்வாங்குவது அஞ்சியன்று, பாய்தற்கே என்று அவர் காட்டிய உவமையை, பின்னடி வைத்துப் பாயும் எந்தக் குத்துச்சண்டை வீரரிடத்தும் நாம் காணலாம். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். இடக்கை முன்குத்தும் அத்தகைய மயிலிறகே. ஒன்று பட்டால் ஒன்றுமில்லை. பத்துச் சுற்றுகளிலே இருநூறு பட்டால் மலைபோன்றவனும் தளர்வான்.

வலி, காலம், இடம் என்னும் மூன்றும் ஒருங்கே விளங்கிய போர், 1974ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கொங்கோ நாட்டின் கின்ஷாசா நகரிலே நிகழ்ந்தது. அதே ஃபோர்மன் அப்போது 25 வயதினர், தோல்வியறியாதவர், நாற்பது வெற்றிகளுள் 37ஐ எதிரியை வீழ்த்தியோ போரை நிறுத்தச் செய்தோ பெற்றவர். முந்திய ஆண்டு கிங்ஸ்டன் நகரிலே ஜோ ஃபிரேசியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு முறை நிலத்திலே வீழ்த்தியவர். அவரை எதிர்த்த முகம்மது அலிக்கு வயது 32. அலி ஆடி ஓடுவார் என்று உலகம் எதிர்பார்த்தது. அவரோ கயிற்றிலே சாய்ந்து, முகத்தையும் விலாவையும் கைகளால் மறைத்து, ஃபோர்மன் குத்தக் குத்தப் பொறுத்திருந்தார். வெப்பமிக்க அவ்விரவிலே ஃபோர்மனின் வன்மை சுற்றுக்குச் சுற்று வடிந்தது. எட்டாஞ் சுற்றிலே அலி வெளிப்பட்டுத் தாக்கினார். ஃபோர்மன் சுழன்று வீழ்ந்தார்.

இவ்வுபாயத்தைக் கண்டு உலகம் வியந்தது. கண்டியிலே வாழும் நாம் அத்துணை வியக்க வேண்டியதில்லை. இம்மலைநாடே அவ்வுபாயத்தால் இருநூறு ஆண்டுக்கும் மேலாகத் தன்னைக் காத்தது. 1638ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோ பெரும் படையோடு இந்நகருட் புகுந்தபோது, நகர் வெறுமையாகக் கிடந்தது. இரண்டாம் இராஜசிங்க மன்னன் மக்களையும் பொருளையும் முன்னரே அகற்றிவிட்டான். நகருக்குத் தீயிட்டுத் திரும்பிய படை, பேராதனைப் பூங்காவுக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையிலே வளைத்துக்கொள்ளப்பட்டு அழிந்தது. 1803ஆம் ஆண்டு ஆங்கிலேயர் படையும் வெறிச்சோடிய கண்டியுட் புகுந்தது. அப்படையிற் பெரும்பகுதி திரும்பிய பின், மேஜர் டேவியின் கீழ் எஞ்சியிருந்தோரைக் காய்ச்சல் வாட்டியது. ஜூன் மாதம் அவர் சரணடைந்து, மகாவலிக் கரையருகே பேரழிவுற்றனர். வலியவனை உள்ளே வரவிட்டு, அவன் வலியை மலையும் மழையும் நோயும் உண்ணச் செய்து, திரும்புங்காலத்திலே தாக்குதல் கண்டியரின் போர்முறை. 1815இலே ஆங்கிலேயர் கண்டியைக் கைக்கொண்டதும் வெறும் படைவலியால் அன்று. அரசனோடு பிணங்கிய பிரதானிகளைத் தம்பாற் சேர்த்த பின்னரே அவர்க்கு அது கைகூடியது. வலியவனும் ஈற்றிலே வித்தையைக் கற்றே வென்றான்.

அண்மைக் காலத்திலும் இதே பாடமே புதுப் பெயர்களோடு வருகின்றது. டியோன்டே வைல்டர் என்பார் 2018ஆம் ஆண்டு டைசன் ஃபியூரியை எதிர்கொண்டபோது, தாம் பெற்ற நாற்பது வெற்றிகளுள் 39ஐ எதிரியைப் புள்ளிக்கணக்கு வரை நிற்கவிடாது முடித்தவர். அவர் வலக்கை பன்னிரண்டாம் சுற்றிலே ஃபியூரியையும் வீழ்த்தியது. ஃபியூரி எழுந்தார், போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 2020இலே ஏழாஞ் சுற்றிலும், 2021இலே பதினோராம் சுற்றிலும் ஃபியூரியே வென்றார். பின்வாங்கிப் பொருதலைத் தம் வழக்கமாகக் கொண்டிருந்த அவர், 2020இலே முன்னேறித் தாக்கி வென்றமை கருதத்தக்கது. வித்தை என்பது என்றும் ஒரே முறையைப் பற்றி நிற்பதன்று. அத்தகைய ஃபியூரியை 2024ஆம் ஆண்டு மே மாதத்திலும் டிசெம்பர் மாதத்திலும் உக்ரேனியரான ஒலெக்சாண்டர் உசிக் வென்றார். உசிக், ஃபியூரியிலும் உயரத்தாற் குறைந்தவர், நிறையாலும் முப்பது இறாத்தலுக்கு மேற் குறைந்தவர், கீழ்ப்பிரிவிலிருந்து ஏறிவந்தவர். அவர் கால்கள் ஒரு கணமும் ஓய்ந்ததில்லை. எதிரி எங்கு நிற்க விரும்பினாரோ அங்கு நிற்கவிடாது, தாம் விரும்பிய இடத்தே அவரை நிற்கச் செய்தமையே அவர் பெற்ற வெற்றியின் மறைபொருள்.

தமிழ்நாட்டிலும் இவ்வழக்குப் புதிதன்று. வட சென்னையிலே குத்துச்சண்டைப் பரம்பரைகள் பல வளர்ந்தன. தொழிலாளர் குடியிருப்புகளிலே ஆசான் வழி மாணவர் வழி அவ்வித்தை நின்றது. 1980ஆம் ஆண்டு முகம்மது அலியே சென்னை நேரு விளையாட்டரங்கிலே காட்சிப்போர் நிகழ்த்தினார். அப்பரம்பரைகளைக் கருவாகக் கொண்டு 2021இலே வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' என்னும் திரைப்படத்தை நம் மாணவருட் பலரும் கண்டிருப்பர். அதிலே அவர் மனத்தைக் கவர்ந்த பாத்திரங்களுள் ஒன்று, காலாட்டத்தாற் புகழ்பெற்ற டான்சிங் ரோஸ். அப்பாத்திரம் வென்று முடிவதன்று. தோற்றவனாயினும் வித்தையுடையவனை இளைஞர் நெஞ்சம் போற்றும் என்பதற்கு இது சான்று. காட்டுவார் காட்டினால் அவரும் காண்பர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைக்குக் குத்துச்சண்டையாற் புகழ் தேடித் தந்தோர் பெரும்பாலும் சிறு நிறையினரே. 1938ஆம் ஆண்டு சிட்னியிலே நிகழ்ந்த பேரரசு விளையாட்டு விழாவிலே பொற்பதக்கம் வென்ற பார்னி ஹென்றிக்கஸ் ஃபெதர் நிறைப் பிரிவினர். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கிலே போட்டியிட்ட அனுருத்த ரத்நாயக்க 51 கிலோகிராம் பிரிவினர். கண்டி மாநகரிலே திரித்துவக் கல்லூரி, புனித சில்வெஸ்டர் கல்லூரி, வித்யார்த்தக் கல்லூரி, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி முதலியன இக்கலையை நெடுங்காலம் வளர்த்துள்ளன. ஸ்டப்ஸ் கேடயம் முதலான நம் பாடசாலைப் போட்டிகளிலே போற்றத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. சிறந்த வீரர்க்குப் பரிசளிப்பதோடு நில்லாது, நுட்பத்திற் சிறந்தவர்க்கும், தோற்றோருட் சிறந்தவர்க்கும் பரிசளிப்பர். கைத்தொலைபேசித் திரையிலே இவ்விருவர்க்கும் இடமில்லை. பாடசாலையிலோ அவர்க்கு மேடையுண்டு. இவ்வழக்கத்தை ஏற்படுத்தியோர் கல்வியின் பொருளை அறிந்தோர்.

இது நம் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும்? கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து விடியற்காலையிலே பேருந்தேறி வரும் மாணவரை நினைமின். அவருட் பலர் மெலிந்த உடலினர். வன்மையே வீரம் என்று நாம் கற்பிப்போமாயின், அரங்கத்தைக் கண்டவுடனே அவர் தமக்கு அங்கு இடமில்லை எனத் திரும்பிவிடுவர். வித்தையே வீரம் என்று கற்பிப்போமாயின், அவரினும் தகுதியுடையோர் இலர். கவ்வாத்து வெட்டும் தந்தையின் கையைக் கண்டு வளர்ந்தவர் அவர். கத்தியை ஓங்கி வீசுகின்றவன் செடியைப் பிளப்பான். கோணமறிந்து இழுக்கின்றவனே துளிர்க்கும்படி வெட்டுவான் என்பதை அவர்க்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை. குத்துச்சண்டையோ நிறைவாரியாகப் பிரித்து ஒப்பாரோடு ஒப்பாரை நிறுத்தும் விளையாட்டு. மெலிந்தவனை மெலிந்தவனோடு நிறுத்தி, இருவருட் கற்றவன் யார் என்று கேட்கும் நீதி அதிலே உண்டு.

மற்றொன்று, அது எல்லாவற்றினும் பெரிது. வீழ்த்துதல் என்று நாம் மகிழ்ந்து கூவுவது மூளை அடையும் அதிர்ச்சியையே. 1982ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரிலே நிகழ்ந்த போரிலே தென் கொரியரான டுக் கூ கிம் என்பார் தலையிற் பட்ட குத்துகளால் உயிர் நீத்தார். அதன் பின்னரே உலக வீரப்பட்டப் போர்கள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்படலாயின. கின்ஷாசாவிலே ஃபோர்மனின் குத்துகளைத் தாங்கி வென்ற அலிக்கு 1984இலே பார்க்கின்சன் நோய்க்குறி கண்டறியப்பட்டது, 2016இலே மறையும்வரை அவர் கைகள் நடுங்கின, குரல் தேய்ந்தது. அந்நோய்க்கு ஒரு போரையே காரணமாக்குதல் முறையன்று. ஆயினும், குத்துவாங்கித் தாங்குதலை வீரம் எனக் கொள்ளும் இளைஞர்க்கு அவ்வுருவம் ஓர் எச்சரிக்கை. வித்தையின் முதற்பாடம் குத்துதல் அன்று; குத்துப்படாமை. அலி தம் இளமையிலே அதனை உலகுக்குக் காட்டினார். பிற்காலத்திலே அதனினின்று விலகினார்.

வன்மையைக் குறுக்குவழியிலே தேடுதலின் கேடும் நாம் அறியாததன்று. 2010ஆம் ஆண்டு புதுடில்லிப் பொதுநலவாய விளையாட்டு விழாவிலே நம் நாட்டவர் ஒருவர் குத்துச்சண்டையிலே பொற்பதக்கம் வென்றார். 1938க்குப் பின் கிடைத்த அப்பதக்கத்தை நாடு கொண்டாடி முடியுமுன்பே, ஊக்கமருந்துச் சோதனையின் முடிவால் அது பறிக்கப்பட்டது. யார்மீது குற்றம் என்று ஆராய்வது எம் நோக்கமன்று. உடலை வலுப்படுத்தும் மருந்து உண்டு. வித்தையைத் தரும் மருந்து உலகில் இல்லை. இவ்வொன்றை மாணவர் நெஞ்சிற் கொள்வாராக.

ஆதலின், விழாக்காலத்திலே கல்லூரிக்கு ஏதேனும் செய்ய விழையும் பழைய மாணவ அன்பர்க்குச் சில கூறுவோம். விளையாட்டுக்கு உதவ எண்ணுவோர் முதலில் கையுறையையும் அரங்கையும் எண்ணாது ஆசானை எண்ணுக. நல்லாசான் வெறுந்தரையிலே சுண்ணக்கட்டியாற் கோடு கீறிக் காலடியைக் கற்பிப்பார். ஆசானில்லாத அரங்கமோ அடிதடிக்களமாகும். தலைக்கவசத்துக்கும் மருத்துவர்க்கும் ஆகும் செலவைச் சுமையெனக் கருதற்க. தலையிற் குத்துண்டு நினைவிழந்தவரைக் குறித்த காலம்வரை அரங்கேற விடலாகாது என்பது பொழுதுபோக்குக் குத்துச்சண்டை விதி. மாணவர்க்கு அதனினும் கூடிய ஓய்வு வேண்டும். நிறையைக் குறைத்தற்பொருட்டுப் பிள்ளையைப் பட்டினியிடும் கொடுமை எப்பாடசாலையிலும் நிகழலாகாது. காலையுணவின்றி வரும் பிள்ளைக்கு முதலில் உணவளித்த பின்னரே உடற்பயிற்சி. பரிசு நிறுவ எண்ணுவோர், வீழ்த்தியவர்க்கு நிறுவாது நுட்பத்திற் சிறந்தவர்க்கு நிறுவுக.

மாணவ மணிகளே! உங்கள் உடலிலே வலி இருப்பின் அதனை இகழாதீர். அது பெற்றோர் தந்த பேறு. இல்லையாயின் வருந்தாதீர். பரீட்சைக்கு முந்திய ஓரிரவிலே நூல் முழுவதையும் விழுங்கி ஒரே குத்தில் வென்றுவிட எண்ணுவோனும், அரங்கிலே கண்ணை மூடிக்கொண்டு கைவீசுவோனும் ஒரே பாடசாலையில் பயின்றவர்களே. நாள்தோறும் ஒரு பக்கம் படிப்பவனின் கல்வி மயிலிறகுபோல் மெல்லச் சேர்கின்றது. எவர் கண்ணுக்கும் அது தோன்றுவதில்லை. அச்சு முறியும் நாளிலே அதன் பாரம் தெரியும். அடுத்த முறை கைத்தொலைபேசியிலே ஒருவன் வீழும் காட்சியைக் காணும்போது, அங்கே நிறுத்திவிடாது அப்போரை முதற் சுற்றிலிருந்து தேடிப் பாருங்கள். வென்றவனின் கையைப் பாராது காலைப் பாருங்கள். அக்குத்து எத்தனை சுற்றுகளுக்கு முன்னரே புறப்பட்டுவிட்டது என்பதை அப்பொழுது அறிவீர்கள்.